கேள்வி – பதில்: லத்தீன் அமெரிக்க அப்பாக்கள்

கேள்வி: ஹூஸ்டனில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மெக்சிகோ வழிப் பிள்ளைகளின் அப்பாக்கள் கூட்டத்துக்கு வந்தாலும் பேசுவதில்லை. ‘மச்சிஸ்மோ’ என்ற ஆண் திமிர்தான் காரணமா?

பதில்: அந்தச் சொல் பாதி உண்மைதான். குடும்பத்தைக் காத்து, பிள்ளைகளோடு பாசமாக இருப்பதை ஆண்மையாகக் கருதும் ‘கபாயெரிஸ்மோ’ என்ற மறுபாதியும் உண்டு. இரண்டையும் தனித்தனியே அளக்கும் அளவுகோலை ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டனர். இந்த அப்பாக்களின் மௌனம் பல நேரம் ‘ரெஸ்பெத்தோ’, அதாவது ஆசிரியருக்குத் தரும் மரியாதை. எதிர்த்துப் பேசுவது அநாகரிகம் என்பார்கள்.

‘எதுகாசியோன்’ என்றால் அவர்களுக்குப் படிப்பு மட்டுமல்ல, நல்ல நடத்தையும்தான். அதனால் மதிப்பெண்ணுக்கு முன் பிள்ளையின் பண்பைச் சொல்லுங்கள். அப்பா மனம் திறப்பார். பெரிய தவறு, பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது. தன் குறையைத் தானே சொல்ல நேரும் பிள்ளை அதை மென்று விழுங்கிவிடும். அப்பாவின் அதிகாரமும் அங்கே சரியும். மொழிபெயர்க்க வயதுவந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கூட்டத்தை வேலை முடிந்த மாலையில் வையுங்கள். கடிதத்தில் அம்மா, அப்பா இருவர் பெயரையும் எழுதுங்கள். குடும்பப் பெயர் கார்சியா லோபெஸ் என்றிருந்தால் ‘சென்யோர் கார்சியா’ என்றே அழைக்க வேண்டும். இரண்டாவது, தாய்வழிப் பெயர்.