பின்லாந்து மக்களுக்கு நாட்டுப்பற்று குறைவா? சுதந்திர தினத்தன்று ஊரே அமைதியாக இருக்கிறதே?

நிச்சயமாகக் குறைவில்லை. பல வருடங்களாக ஹெல்சின்கி பக்கம் வசிக்கிறேன். அந்த அமைதிதான் இவர்கள் கொண்டாடும் முறை என்பேன்.

1917 டிசம்பர் 6 அன்று பின்லாந்து நாடாளுமன்றம் ரஷ்யாவிடமிருந்து விடுதலையை அறிவித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சோஷலிசத் தொழிலாளர்களின் சிவப்பு அணி, அரசுப் பக்கம் நின்ற வெள்ளை அணி என்று சொந்த மக்களுக்குள்ளேயே போர் மூண்டது. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தோற்ற சிவப்பு அணியினரின் குடும்பங்களுக்கு இந்த நாள் வெகுகாலம் ஒட்டவே இல்லை. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லை தாண்டியதும் இரு தரப்பின் பிள்ளைகளும் ஒரே படையில் நின்றார்கள். அந்தக் குளிர்காலப் போர் 105 நாள் நடந்தது. அடுத்து 1941 முதல் 1944 வரை சோவியத்தோடு இன்னொரு போர். கிழக்கே இருந்த கரேலியாவின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது, நான்கு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். நாடு மட்டும் யாருக்கும் அடிமையாகவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஏதாவது ஒரு சின்ன ஊரின் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். போரில் இறந்தவர்களின் உடலை முடிந்தவரை சொந்த ஊருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதனால் ஊருக்கு ஊர் ஒரே மாதிரிக் கற்கள் வரிசையாக இருக்கும். பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் கழித்துப் பார்த்தால் பலருக்கு இருபது வயது, இருபத்திரண்டு வயது. டிசம்பர் 6 அன்று அந்தக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இவ்வளவு பேரை நினைக்கும் நாளில் பட்டாசு வெடிக்க எப்படி மனம் வரும்?

வீடுகளில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி எரியும். ரஷ்ய ஆட்சிக்குத் தெரியாமல் ஜெர்மனிக்குப் போர்ப் பயிற்சிக்குக் கிளம்பிய இளைஞர்களுக்கு ‘இங்கே தங்கலாம்’ என்று காட்டிய அடையாளம் அது என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு இந்த நாளில் மிகவும் பிடித்தது இதுதான். யாரும் கட்டாயப்படுத்தாமல் அவரவர் வீட்டில் செய்வது.

அதே இரவில் ஜனாதிபதி மாளிகை விருந்தை யூலே தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பும். ஏறக்குறைய 2,000 விருந்தினர் வரிசையில் வந்து ஜனாதிபதியோடு கைகுலுக்குவார்கள். இன்னும் உயிரோடு இருக்கும் போர் வீரர்களுக்கு அதில் தனி மரியாதை. யார் என்ன உடுத்தி வந்தார்கள் என்ற பேச்சும் வீட்டுக்கு வீடு ஓடும், அதுவும் சேர்ந்ததுதான் விழா.

சரி, நேரில் பார்க்க ஆசையா? காலை 9 மணிக்கு ஹெல்சின்கியின் வானாய்வுக் குன்றில் கொடியேற்றம், அநேகமாகச் சூரியன் உதிக்கும் நேரம். மாலையில் மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி ஹியெதனியெமி கல்லறைத் தோட்டத்திலிருந்து செனட் சதுக்கம் வரை நடப்பார்கள். ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் ஊர்வலத்துக்குப் போங்கள். நல்ல கையுறையும் தடித்த காலுறையும் அவசியம், குழந்தைகள் இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே சதுக்கத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.