வாசகர் கேள்வி: இரவு ரோந்து

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி ஊர்களில் ஊர்க்காரர்களே இரவில் ரோந்து சுற்றுகிறார்களாமே? அது நம் ஊர்க் கட்டைப்பஞ்சாயத்து போல ஆகிவிடாதா? பிறகு போலீஸ் எதற்கு?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆகாது. இந்த ரோந்துக் குழுவினருக்குத் தண்டனை விதிக்கவோ, யாரையும் கைது செய்யவோ அதிகாரம் கிடையாது. வடக்குப் பிரதேசத்தின் டென்னன்ட் கிரீக் நகரில் 1980-களில் ஜுலாலிகாரி என்ற பூர்வகுடி அமைப்பு தொடங்கிய ரோந்து, குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவரை வண்டியில் ஏற்றி வீட்டில் சேர்ப்பதையும், வாய்ச்சண்டை கைகலப்பாவதற்குள் விலக்கிவிடுவதையுமே தன் வேலையாகக் கொண்டது. கத்திக்குத்து, கடும் தாக்குதல் என்றால் போலீஸ்தான் வர வேண்டும், அதில் மாற்றமில்லை.

வீட்டில் கொண்டுபோய் விடுவது அவ்வளவு பெரிய காரியமா என்று தோன்றலாம். 1980 ஜனவரி முதல் 1989 மே வரை காவலில் நேர்ந்த 99 பூர்வகுடி மரணங்களை விசாரித்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு, மற்றவர்களைவிட மிக அதிக விகிதத்தில் பூர்வகுடியினர் காவலில் அடைக்கப்படுவதே இத்தனை சாவுகளுக்கு முக்கியக் காரணம் என்று 1991-இல் அறிக்கை தந்தது. பொது இடத்தில் போதையில் இருந்ததற்காக மட்டும் அடைக்கப்பட்டவர்களும் இறந்தவர்களில் உண்டு. அவர்களை லாக்கப்புக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் இருந்திருந்தால் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஆள் உள்ளூர்க்காரராக இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள யுவென்டுமு ஊரில் வார்ல்பிரி என்ற பூர்வகுடி இனத்துப் பெண்கள் 1991-இல் தங்களுக்கென ஒரு ரோந்தைத் தொடங்கினார்கள். கையில் மரத்தடி இருந்தாலும், அவர்களுடைய உண்மையான பலம் உறவுமுறைதான். போதையில் கத்தும் இளைஞனுக்கு எதிரே நிற்பவர் பாட்டி முறையோ, அத்தை முறையோ ஆகிறார். அந்தச் சமூகத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை, அருகருகே அமர்வதுமில்லை. ஆகவே யாரை யார் அழைக்கலாம், யாரை எந்த வண்டியில் ஏற்றலாம் என்பதெல்லாம் ரோந்துக்குப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் காவலருக்கு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இது எளிதில் பிடிபடாது.

2007-இல் வடக்குப் பிரதேசத்துப் பூர்வகுடி ஊர்களின் விவகாரங்களில் மத்திய அரசு நேரடியாகத் தலையிட்ட பிறகு ரோந்துகள் பல ஊர்களுக்கும் பரவின, சம்பளமும் வண்டியும் கிடைத்தன. மறு ஆண்டே ஊர் மன்றங்கள் பெரிய வட்டார நிர்வாகங்களுக்குள் இணைக்கப்பட்டதால், பல இடங்களில் ரோந்தை நடத்தும் பொறுப்பும் பெரியவர்களின் கையை விட்டுத் தொலைவிலுள்ள அலுவலகங்களுக்குப் போனது வருத்தத்துக்குரியது. அரசு பணம் தரட்டும்; இன்றிரவு யார் வண்டியில் போவது என்பதை அந்த ஊர்ப் பெண்கள் முடிவு செய்யட்டும்.