செல்லில் அடைக்க யார் கையெழுத்து வேண்டும்?

கேள்வி: கொலை செய்துவிட்டு உள்ளே போகிறவனைத் தனிச் செல்லில் போட்டால் என்ன தப்பு? அதற்கும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தச் சொல்கிறார்களே, செத்தவன் குடும்பத்தை யார் நினைக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: கோபம் நியாயமானதுதான். ஆனால் தனிச் செல்லில் கிடப்பவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் என்று யார் சொன்னது? சிறைக்குள் தகராறு செய்தவனுக்கும், அதிகாரியை எதிர்த்துப் பேசியவனுக்கும் அதே செல்தான். நம் நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நீதிமன்றம் விதிக்கிற தனிமைச் சிறைக்கு ஏற்கனவே அளவு இருக்கிறது. பழைய இபிகோ 73, 74 பிரிவுகளில் இருந்ததுதான் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 11, 12. மொத்தம் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 14 நாளைத் தாண்டக் கூடாது. (இதையே எடுத்துவிடுங்கள் என்று சட்ட ஆணையம் 1971-ல் சொன்னது. யாரும் கேட்கவில்லை.)

என் கவலை நீதிபதிக்குத் தெரியாமல் நடக்கிற அடைப்பைப் பற்றியது. 1894-ஆம் வருடத்துச் சிறைச் சட்டம், சிறைக் குற்றம் என்று சொல்லி ஒருவரை 14 நாள் செல்லில் அடைக்கக் கண்காணிப்பாளருக்கே அதிகாரம் கொடுத்தது. திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, பக்கத்துக் கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் 1979 டிசம்பரில் தெளிவாகச் சொன்னார்: செஷன்ஸ் நீதிபதி பரிசீலிக்காமல் தண்டனைச் செல்லில் அடைக்கக் கூடாது, அவசரம் என்றால் 2 நாளுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் 2024-ல், வேலூர் மத்திய சிறையில் ஆயுள் கைதியாக இருந்த தன் மகனை அதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, அடித்து, 90 நாளுக்கு மேல் தனியாகப் பூட்டி வைத்தார்கள் என்று ஒரு தாய் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது, அதன் பிறகுதான் சிபிசிஐடி வழக்கே பதிவானது. தீர்ப்பு மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான். நாள் வரம்பு, எழுத்தில் காரணம், நீதிபதியின் ஒப்புதல், மீறிய அதிகாரிக்குத் தண்டனை எல்லாம் சட்டத்திலேயே இருக்க வேண்டும், 'பாதுகாப்புக்காகப் பிரித்து வைத்தோம்' என்று சொன்னாலும் அதே வரம்பு பொருந்த வேண்டும்.

ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பில்லாமல் பூட்டுவதுதான் தனிமைச் சிறை, அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது என்பது கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் மண்டேலா விதி. நியூயார்க் மாநிலம் 2021-ல் அந்த 15 நாளைச் சட்டமாகவே ஆக்கியது. சிறை இங்கே மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது, நம் சட்டமன்றமும் செய்யலாம்.

செத்தவர் குடும்பத்துக்கு வேண்டியது சீக்கிரம் நடக்கிற விசாரணை, உறுதியான தீர்ப்பு, இழப்பீடு. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். தண்டனை முடிந்து ஒருநாள் வெளியே வருகிறவன் புத்தி பேதலித்து வந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன லாபம்? 1908-ல் சிறைக்குப் போன சுப்பிரமணிய சிவா தொழுநோயோடுதான் வெளியே வந்தார், நம் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில்தான் அவர் உயிர் போனது. சிறை ஒரு மனிதனை என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அப்புறம், இதைப் படிக்கிறவர்களில் யாராவது சேலம் சிறைக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கப் போய், 'செல்லில் இருக்கிறான், இப்போது பார்க்க முடியாது' என்ற பதிலோடு திரும்பியிருந்தால், சும்மா இருக்காதீர்கள். தேதி போட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுங்கள், வக்கீல் வைக்கப் பணம் வேண்டியதில்லை.