ஃப்ரிட்ஜ் கதவில் 12 நாள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், இந்த ஆண்டு தான் வாசித்த ஆங்கில இளையோர் நாவல்களில் பிடித்தவை, பிடிக்காதவை என்று ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். அது 12 நாளாக அங்கேயே இருந்ததாம். கதவைத் துடைத்தபோதுதான் கவனித்தேன். பிடித்தவற்றில் முதலாவது ‘ஸ்பீக்’, பாலியல் வன்கொடுமைக் கதையாம். அடுத்தது ‘தி புக் தீஃப்’, மரணமே கதை சொல்கிறதாம். நான் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த நல்ல நாவலைப் பிடிக்காதவற்றில் முதலாவதாகப் போட்டு, “இதில் எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது” என்று காரணமும் எழுதியிருந்தாள். விருந்தினர் வந்ததால் கிழித்துப் போட்டுவிட்டேன். இந்தப் புத்தகங்களைத் தடுத்து நிறுத்தலாமா?

பதில்: சகோதரி, “வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும்” என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பதறி வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் “12 நாள்” என்பதுதான். மறைக்க நினைக்கும் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். உங்கள் மகளோ, காலையில் பாலுக்கும் மதியம் தயிருக்கும் இரவில் இட்லி மாவுக்கும் நீங்கள் திறக்கிற கதவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். 12 நாள் நீங்கள் அதைத் திறந்து மூடியிருக்கிறீர்கள். கண்ணில் பட்ட அன்றைக்கே கிழித்தும் விட்டீர்கள்.

நீங்கள் அஞ்சும் ‘ஸ்பீக்’, லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பள்ளி திறப்பதற்கு முன் நடந்த ஒரு விருந்தில் மூத்த மாணவன் ஒருவனால் சிதைக்கப்பட்ட மெலிண்டா போலீசை அழைக்கிறாள். ஆனால் என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்ல முடியாமல், விருந்தைக் கெடுத்தவள் என்று தோழிகளாலும் ஒதுக்கப்பட்டு, சிறிது சிறிதாகப் பேச்சையே இழக்கிறாள். அந்த வீட்டில் பெற்றோரும் மகளும் சமையலறை மேடையில் துண்டுச் சீட்டு எழுதி வைத்துத்தான் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்கிறார்கள். அதைப் படித்து முதலிடம் கொடுத்த பெண், உங்கள் சமையலறையில் ஒரு சீட்டை ஒட்டியதை என்னால் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. அவளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஓடிப்போய் விசாரணை நடத்தாதீர்கள். ஆனால் நாளைக்குப் பேருந்திலோ டியூஷனிலோ ஒன்று நடந்தால் அவள் யாரிடம் வந்து சொல்வாள்? சோறு போடுவதோடும் கட்டணம் கட்டுவதோடும் தாயின் கடமை முடிந்துவிடுவதில்லை.

மரணம் கதை சொல்கிறது என்று நீங்கள் ஒதுக்கிய நாவலில், நாஜி ஜெர்மனியில் கெட்ட கனவு கண்டு விழித்தெழும் வளர்ப்பு மகளுக்கு, ஹான்ஸ் என்ற ஏழைப் பெயின்டர் தூக்கத்தை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான். தகப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும். உங்கள் கணவரையும் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வாங்கித் தந்ததை “நல்ல நாவல்” என்கிறீர்களே, அதை நீங்கள் படித்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளையைத் திருத்துவதற்கென்று வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை பத்துப் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடும். அப்படியிருந்தும் அவள் அதை முடித்து, நேர்மையாக ஒரு காரணமும் எழுதியிருக்கிறாள். அம்மா கொடுத்தது என்பதற்காகக் காட்டிய அந்த மரியாதையைத்தான் நீங்கள் குப்பையில் போட்டீர்கள்.

எதையும் நிறுத்த வேண்டாம். கிழித்தது தவறு என்று அவளிடம் சொல்லுங்கள். மகளிடம் மன்னிப்புக் கேட்பதால் தாய்க்கு எந்தக் குறைவும் வராது. அவளிடமே ‘ஸ்பீக்’கைக் கேட்டு வாங்குங்கள்; ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பிறகு நீங்கள் பரிசளித்த நாவலையும் படியுங்கள். பிடித்தது எது, பிடிக்காதது எது, ஏன் என்று உங்கள் கையெழுத்தில் எழுதி அதே கதவில் ஒட்டுங்கள். அவள் உடனே மறுபடி எழுத மாட்டாள். வற்புறுத்தாமல், அவள் காத்திருந்த 12 நாளாவது நீங்களும் காத்திருங்கள்.