அடித்தால் நாய்க்குட்டிக்குப் புத்தி வருமா?

அம்மா, வணக்கம்.

எங்களுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. நான்காம் வகுப்பு படிக்கும் மகன் ஆசைப்பட்டதால், காட்பாடியில் தெரிந்தவர் வீட்டிலிருந்து இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். கூடம், சமையலறை வாசல் என்று கண்ட இடத்தில் மூத்திரம் போகிறது. பூஜை அறைப் பக்கமும் போய்விட்டது, மாமியார் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். என் கணவர் அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்து, பேப்பரைச் சுருட்டி அடிக்கிறார். இப்போது அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே குட்டி சோபாவுக்கு அடியில் பதுங்கி, அங்கேயே நனைத்துவிடுகிறது. நேற்று மகனின் பள்ளிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன், ஒரே நாற்றம். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க அதை வைத்தே தரையைத் துடைத்திருக்கிறான். கேட்டால் வாயே திறக்கவில்லை. குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்க வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள்தான் ஓரளவு கட்டுப்பாடு வரும். எப்போதோ போனதற்கு இப்போது அடித்தால், எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. அடிக்கும் ஆளைப் பார்த்துப் பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். சோபாவுக்கு அடியில் அது நனைப்பதும் பயத்தினால்தான், திமிரினால் அல்ல.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் ஒரே மூலையில் விடுங்கள். பேசாமல் நில்லுங்கள். போனதும், அந்த நொடியே தட்டிக்கொடுத்து ஒரு துண்டு பிஸ்கட் கொடுங்கள், வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் பயனில்லை. தரையை மோந்துகொண்டே சுற்றினால் உடனே தூக்குங்கள். ராத்திரியும் ஒருமுறை எழுந்தாக வேண்டும். நனைந்த இடத்தில் பினாயில் ஊற்றினால் நமக்குத்தான் வாசனை மறையும். குட்டிக்குப் பழைய வாடை தெரியும், திரும்ப அங்கேயே போகும். வளர்ப்புப் பிராணிக் கடைகளில் வாடையையே சிதைத்துப் போக்கும் என்சைம் கலந்த திரவம் கிடைக்கும், அதைப் போட்டுத் துடையுங்கள். பூஜை அறை வாசலில் ஒரு பலகை வைத்து மறித்துவிட்டால் மாமியாருக்கும் நிம்மதி.

வேலூர் வெயிலில் தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். பகலில் மொட்டை மாடியில் விட்டால் பாதம் வெந்துவிடும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவிலும் இறக்கக் கூடாது. அங்கே தொற்றக்கூடிய பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டிகளின் உயிரையே எடுத்துவிடும்.

எனக்கு அந்தச் சட்டைதான் மனதை உறுத்துகிறது. தப்பு நடந்தால் மறைத்துவிட வேண்டும் என்று உங்கள் மகன் முடிவு செய்திருக்கிறான். நாளைக்குத் தன் மார்க் ஷீட்டையும், பள்ளியில் யாராவது அடித்ததையும் இப்படியே மறைப்பான். சட்டையைப் பற்றித் திட்டாதீர்கள். "குட்டிக்கு அடி விழக் கூடாதுன்னுதானே செஞ்சே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். அவனாகப் பேசுவான்.

கணவரிடம் தனியாகச் சொல்லுங்கள், மகன் முன்னால் வாக்குவாதம் வேண்டாம். பெரும்பாலும் சின்ன வயதில் பார்த்ததைத்தான் அவரும் செய்கிறார். காலையில் குட்டியை வெளியே விடும் வேலையை அவரும் மகனும் சேர்ந்து செய்யட்டும். அவர் கையாலேயே பிஸ்கட் கொடுத்தால் குட்டியின் பயம் மெல்லத் தெளியும், பையனும் அதைப் பார்ப்பான்.

சில வாரம் ஆகியும் அவன் பேசாமலோ, சரியாகச் சாப்பிடாமல் தூங்காமலோ இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை, திருப்பிக் கொடுக்கும் பேச்சு அவன் காதில் விழ வேண்டாம்.