கேட்க நாலு பேர்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். கதை எழுதுவது பொழுதுபோக்குதான், பெரிய எழுத்தாளனாகும் ஆசையெல்லாம் இல்லை. ஒரு கதை ஞாயிறு பதிப்பில் வந்தது. அதற்குப் பிறகு கை ஓடவில்லை. உற்சாகத்துக்காக நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். முதலில் எந்தக் கதை போட்டாலும் 'அருமை' என்றார்கள். இப்போது காலை வணக்கப் படங்கள் மட்டும் வருகின்றன. குழுவால் உண்மையிலேயே பயன் உண்டா, தனியாக எழுதுவதே மேலா?

பெயர் வேண்டாம்,
சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

பயன் உண்டு. ஆனால் பாராட்டு ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். இன்ன தேதியில் நாலு பேர் உட்கார்ந்து நம் கதையைக் கேட்கப் போகிறார்கள் என்றால்தான் பேனா நகரும். வெறுங்கையோடு போய் நிற்க வெட்கமாக இருக்குமே, அந்த வெட்கம் போதும்.

நம் மலேசியாவில் இது பழைய பழக்கம். 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' தொடங்கினார்கள். பத்திரிகையில் பாடம் வரும், வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். அதே 1950களில் அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி எழுதுகிறவர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். பின்னால் போட்டிகள் பெருகின. போட்டிகளால் நல்ல கதைகள் வந்ததை மறுக்கவில்லை. ஆனால் முடிவுத் தேதிக்கு முந்தின வாரம் மட்டும் எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. (சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.)

உங்கள் ஊரில் நான் இருந்த காலத்தில் ஒரு மாமாக் கடையின் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) பின் மேசையில் கூடுவோம். எழுதியவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. ஒருமுறை ஓர் இளைஞர், விடியற்காலை ஆறு மணிக்குப் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஒரு அம்மாள் மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து வாளியில் பால் சேர்ப்பதாகப் படித்தார். பனி, இருட்டு, வர்ணனை எல்லாம் பிரமாதம். எங்களோடு ஓர் அக்கா வந்து உட்காருவார். அவர் எழுதுகிறவர் இல்லை, பல வருடம் பாலுக்காக மரப்பட்டை சீவியவர். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, ஆறு மணிக்கு நாங்க சீவிக்கிட்டுல்ல இருப்போம்? பால் எடுக்க பத்து மணி ஆயிடுமே" என்றார். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. அக்கா விடவில்லை. "சரி, அந்தப் பொம்பளைக்கு அப்புறம் என்னாச்சு, அடுத்த தடவை சொல்லு" என்றார்.

அடுத்த கூட்டத்துக்குத் தம்பி புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். சீவி முடித்து, பால் இறங்கி நிற்கும்வரை அந்த அம்மாள் காத்திருக்கும் நேரமே கதையாகிவிட்டது. மரத்தடியில் பசியாறல் பொட்டலம், பக்கத்து நிரைக்காரியோடு பேச்சு, அந்தப் பேச்சில் மெல்ல வெளிவரும் மகளின் கல்யாண விவகாரம். அக்கா தவறைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் தம்பி அடுத்த கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார். 'அருமை' என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கதை வந்திருக்காது.

ஆகவே உங்கள் நண்பர்களில் ஐந்தாறு பேர் போதும். அதில் ஒருவராவது எழுதாத, ஆனால் வேலையும் வாழ்க்கையும் தெரிந்த ஆளாக இருக்கட்டும். ஒரு கூட்டத்துக்கு இரண்டு கதைக்கு மேல் வேண்டாம், மூன்றாவதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பை இடமும் நேரமும் சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலையின் சிக்கலும் தெரியும். வெட்டிய குலையைச் சீக்கிரம் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் பழம் குவிகிற மாதங்களில் ஆலை ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்கும் ஓவர்டைம் தவறாது. அப்போது எழுத முடியாவிட்டால் பரவாயில்லை, போய் மற்றவர்கள் படிப்பதைக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது உங்கள் ஷிப்ட் அட்டவணையையும் மேசையில் வையுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.