சென்னையிலிருந்து 8 நாள் கென்யா: சஃபாரி, கடற்கரை இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

ஆகஸ்டில் குடும்பத்தோடு 8 நாள் போகிறீர்கள். மசாய் மாரா, அம்போசெலி, நகுரு என மூன்று காடு, கடைசியில் சான்சிபார் தீவு என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்தது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதியை அடித்துவிடுங்கள்.

முதல் தடவை நாங்களும் இப்படித்தான் ஆசைப்பட்டோம். ஆறு நாளில் மூன்று காடு. யானையைப் பார்த்ததைவிட வேன் டிரைவரின் பிடரியைப் பார்த்ததுதான் அதிகம். நைரோபியிலிருந்து நரோக் வழியாக மாராவுக்கே ஐந்தாறு மணி நேரம். அங்கிருந்து அம்போசெலி என்றால் ஒரு பகல் முழுக்கச் சாலையிலேயே போய்விடும்.

அதனால் மாராவில் மட்டும் 3 இரவு தங்குங்கள். ஆகஸ்டில் வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான் வகை) கூட்டம் பக்கத்துத் தான்சானியாவின் செரங்கெட்டி காட்டிலிருந்து வந்திருக்கும். அது ஆற்றைக் கடப்பது நம் வசதிக்கு நடக்காது. இரண்டாவது பயணத்தில் மாரா ஆற்றங்கரையில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். ஆயிரக்கணக்கில் விளிம்புவரை வந்தவை, முன்னால் நின்ற ஒன்று மிரண்டதும் அத்தனையும் திரும்பிவிட்டன. மறுநாள் காலை போய் நின்ற பத்தாவது நிமிடம் இறங்கின. ஒரே ஒரு நாள் வைத்திருந்தால் வெறுங்கையோடு வந்திருப்போம். விடியற்காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும்.

பணத்தில் கவனம். மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நாளுக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம்; ஜனவரி முதல் ஜூன் வரை அதில் பாதி. அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரைதான். பேக்கேஜில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு 'எல்லாம் அடக்கம்' என்றார்கள். வாசலில் போய்த்தான் அடங்கவில்லை என்று தெரிந்தது.

சான்சிபார் அழகுதான். ஆனால் அது தான்சானியா: தனி விசா, போதாததற்குத் தீவுக்கென்று கட்டாயக் காப்பீடு. இரண்டு இரவுக்கு எதற்கு? மொம்பாசாவுக்குத் தெற்கே டியானி கடற்கரை போதும். வெள்ளை மணல், பவளப்பாறை அலையைத் தடுப்பதால் குழந்தைகளுக்கும் பயமில்லை. நீர் இறங்கும் நேரத்தில் மட்டும் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும், குளிக்க முடியாது. அன்றைய நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். மலேரியா உள்ள பகுதி, டாக்டரிடம் மாத்திரை பற்றிப் பேசிவிடுங்கள்.

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு மடரகா எக்ஸ்பிரஸ் ரயில். 2017இல் வந்தது. பகல் வண்டியில் ஏறுங்கள். சாவோ காட்டின் ஊடாகப் போகிறது, செம்மண் பூசிய யானைகள் ஜன்னலிலேயே தெரியலாம். எங்களுக்குத் தெரிந்தன, அதுவும் இலவசமாக.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமையில் வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

இன்னொன்று: கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கு, பருப்புப்பொடி எல்லாம் டப்பாவில் போகட்டும்.